சுரங்கத்துப் பக்கத்து போர்வெல் தண்ணில சோடியம் பாக்குறது எப்படி (ஆசிட் போட்ட பாட்டில் ஜாக்கிரதை)

சுரங்கத்தால சோடியம் ஏறுமான்னா ஏறும். அமிலத் தண்ணிய சரிபண்ண காஸ்டிக் சோடா, சோடா ஆஷ் கொட்டுவாங்க, தங்கச் சுரங்கம்னா தங்கத்தப் பிரிக்க சோடியம் சயனைடு வேற. குடிதண்ணில லிட்டருக்கு 200 மில்லிகிராம் சோடியம் தாண்டினா ருசி தெரிய ஆரம்பிக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதை மனசுல வெச்சுக்கோங்க.

பம்ப் இறக்குறதுக்கு முன்னாடியே நீர்மட்டம் அளந்துடுங்க, அப்புறம் அளந்தா பிரயோஜனம் இல்ல. 2 இஞ்ச் குழாய்னா ஒரு மீட்டருக்கு சுமார் 2 லிட்டர் தண்ணி நிக்கும். 10 மீட்டர்னா 20 லிட்டர், தேங்கி நிக்கற அந்தப் பழைய தண்ணி போக, அதுல மூணு மடங்கு வெளிய எடுத்துத் தள்ளணும். கூடவே ஈசியும் (தண்ணி எவ்வளவு மின்சாரம் கடத்துதுங்கற அளவு) பிஹெச்சும் (அமிலமா காரமாங்கற அளவு) பாத்துட்டே வாங்க, அடுத்தடுத்து மூணு தடவை ஈசி 3 சதவீதத்துக்குள்ள, பிஹெச் 0.1-க்குள்ள நின்னாதான் சாம்பிள். நான் பெய்லர் (கயிறு கட்டி இறக்கி தண்ணி மொள்ளுற குழாய்) பக்கமே போக மாட்டேன், உள்ள விட்டு விட்டு எடுத்தா சேறு கலங்கும், சின்ன பம்ப்தான் நமக்கு.

பாட்டில் பிளாஸ்டிக்தான், கண்ணாடில இருந்தே சோடியம் கரைஞ்சு வரும். 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டி ரெண்டு பாட்டில் பிடிங்க. ஒண்ணுல நைட்ரிக் ஆசிட் விட்டு பிஹெச் 2-க்குக் கீழ கொண்டுவந்து லேபுக்கு, இன்னொண்ணு அப்படியே உங்க கைக்கு. வடிகட்டிட்டுதான் ஆசிட், மாத்திடாதீங்க, மண்ணுல இருக்கறதும் கரைஞ்சுடும்.

இப்ப நான் மாட்டுன இடம். லேப் ரிசல்ட் வர நாளாகும், நம்மகிட்டதான் சோடியம் எலக்ட்ரோடு (தண்ணில முக்கினா சோடியம் அளவு காட்டுற கண்ணாடி முனை) இருக்கேன்னு கைக்கு வந்த பாட்டில எடுத்து விட்டேன், அது ஆசிட் பாட்டில். ரீடிங் தாறுமாறா எகிறுச்சு, சுரங்கத்துல ஏதோ லீக்னு முடிவே பண்ணி மேல இருக்கறவருக்கு போன் போடப் போயிட்டேன், நல்லவேளை அதுக்கு முன்னாடி ஃபீல்ட் ப்ளாங்க் ஞாபகம் வந்துச்சு, அதாவது வெறும் டிஸ்டில்ட் வாட்டர்ல அதே ஆசிட் விட்ட பாட்டில், அதுலயும் சோடியம் காட்டுது! இல்லாத சோடியம். அந்த எலக்ட்ரோடு கண்ணாடிக்கு ஹைட்ரஜன் அயனியும் சோடியம் மாதிரிதான், சொல்லப்போனா அதைத்தான் ரொம்பப் பிடிக்கும். அப்படியே வெச்சிருந்த பாட்டில்ல பாத்தா ரீடிங் அமைதியா இறங்கி உக்காந்துச்சு.

அதனால எலக்ட்ரோடுக்கு எப்பவும் ஆசிட் போடாத சாம்பிள், அதுலயும் அமோனியம் பஃபர் (பிஹெச்ச ஏத்தி அப்படியே நிறுத்தி வைக்கற கரைசல்) கலந்து பிஹெச் ஏத்திட்டுப் பாருங்க, ஸ்டாண்டர்டுலயும் (சோடியம் அளவு முன்னாடியே தெரிஞ்ச கரைசல்) அதே அளவு கலக்கணும். லிட்டருக்கு 10, 100, 1000 மில்லிகிராம் ஸ்டாண்டர்டுல கேலிப்ரேட் பண்ணுங்க, 25 டிகிரில சோடியம் பத்து மடங்கு ஏறுனா ரீடிங் 59 மில்லிவோல்ட் கிட்ட மாறணும், 50-க்குக் கீழ போனா எலக்ட்ரோடு போச்சு. களத்துல இது ஒரு குத்துமதிப்புக்குத்தான், நான் கணக்குல எழுதுறது லேப்ல ஐசிபி-ல (உலோகங்கள அளக்கற பெரிய மெஷின்) வந்த நம்பர் மட்டும்.

லேப்ல குளோரைடும் சேத்து பாக்கச் சொல்லுங்க, மறக்காதீங்க. வெறும் உப்பு கரைஞ்சிருந்தா எடைல சோடியம், குளோரைடுல 0.65 மடங்கு வரும், அதுக்கு ரொம்ப மேல போனா வேற எங்கிருந்தோ வருது, இல்ல களிமண்ணு கால்சியத்த வாங்கிட்டு சோடியத்த விடுது.

அப்டேட்: பிஹெச் ஏத்த காஸ்டிக் சோடா போடலாமான்னு ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. ஐயா, அதுவே சோடியம்!

அப்டேட் 2: புதுசா போட்ட போர்ல மட்டும் சோடியம் ஜாஸ்தின்னு ஒருத்தர் எழுதியிருந்தார். குழாயச் சுத்தி அடைக்கற பெண்டோனைட் களிமண்ணு பெரும்பாலும் சோடியம் வகைதான், அதுல இருந்து கொஞ்ச நாள் கசியும். நல்லா பம்ப் அடிச்சு போர டெவலப் பண்ணிட்டு (சுத்தம் பண்ணிட்டு), அடுத்த ரெண்டு மூணு ரவுண்டுல இறங்குதான்னு பாத்துட்டு சொல்லுங்க.