காவிரி வண்டலில் அச்சு கட்டுவது: சுவாமிமலை முறை

சுவாமிமலைப் பட்டறைகளில் உலோகம் ஊற்றுவதைப் பார்க்கத்தான் கூட்டம் கூடும். ஆனால் சிலை தேறுமா என்பது அதற்கு முன்பே, மண் பூசும்போதே முடிவாகிவிடும். தாராசுரம் கோயில் வேலைக்கு வந்தவர்கள் இங்குள்ள காவிரி வண்டலைப் பார்த்துத்தான் இங்கேயே தங்கினார்கள் என்பது சிலை வடிக்கும் ஸ்தபதி குடும்பங்களில் வழிவழியாகச் சொல்வது. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்காரர்களும் இதே காவிரி வண்டலைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

ஆறங்குல உருவம் ஒன்றைக் கனவார்ப்பாக, அதாவது உள்ளே கூடு இல்லாமல் முழு உலோகமாக, எடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் உலோகம் ஊற்ற வேண்டும்.

ஆறு வறண்டிருக்கும்போதே வண்டலைச் சேர்த்துவிடுங்கள். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் வந்தபின் தேடி அலைய வேண்டியிருக்கும். விரலிடுக்கில் தேய்த்தால் மாவாக இருக்க வேண்டும். நறநறத்தால் முதல் பூச்சுக்கு ஆகாது.

மெழுகுக்கு, எடைக்கணக்கில் தேன்மெழுகு 4 பங்கு, குங்கிலியம் என்ற மரப்பிசின் 4 பங்கு, கடலை எண்ணெய் 1 பங்கு. உருக்கித் துணியில் வடிகட்டுங்கள். குங்கிலியம் மிஞ்சினால் விரல் நுனி ஒடியும். எண்ணெய் மிஞ்சினால் மதிய வெக்கையில் கை தொங்கிப்போகும். இந்த மெழுகில் உருவத்தை உறுப்பு உறுப்பாகச் செய்து, செய்த உறுப்பை உடனே தண்ணீரில் போட்டு இறுக விட்டு, பிறகு ஒன்றாக ஒட்டுங்கள். உலோகம் இறங்க ஒரு வழியும் காற்று வெளியேற ஒரு வழியும் மெழுகுத் தண்டாலேயே ஒட்டுங்கள்.

மண் பூசும் முன் மொத்த மெழுகையும் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். உலோகம் மெழுகைப்போல் சுமார் 9 மடங்கு வேண்டும்: 200 கிராம் மெழுகென்றால் 1.8 கிலோ. கழிவுக்கும் சேர்த்து 2 கிலோவாக உருக்குங்கள். பாதியில் நிறுத்தி மறுபடி ஊற்றினால் இரண்டும் ஒட்டாது.

இனி பூச்சு. வண்டலோடு கருக்கிய உமியையும் சாணத்தையும் சேர்த்து அரைத்து, 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசுங்கள். மடிப்பு, நகை, விரலிடுக்கு எல்லாவற்றிலும் விரலால் அழுத்துங்கள். உள்ளே சிக்கும் ஒவ்வொரு காற்றுக்குமிழும் பின்னால் ஓர் உலோகப் பருவாகச் சிலைமேல் நிற்கும். நிழலில்தான் காய வேண்டும். வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகும், வெளியே மண் வெடிக்கும். இரண்டாம் பூச்சு வயல் களிமண்ணும் மணலும், மூன்றாவது பருமணல் கலந்த மண். முந்தையது முழுக்கக் காயாமல் அடுத்ததைத் தொடாதீர்கள். பெரிய அச்சென்றால் கம்பி கட்ட வேண்டும்.

வறட்டித் தீயில் சூடாக்கி மெழுகை வடியுங்கள். மிச்சம் தங்கினால் சிலையில் பொத்தல் விழும். ஈரம் தங்கினால் ஊற்றும்போது உலோகம் மேலே தெறிக்கும், ஆபத்து. சூடு ஆறுவதற்குள் அச்சை வாய் மேலாகக் குழியில் புதைத்து, உலோகத்தை மெல்லிய தாரையாக, இடைவிடாமல் ஊற்றுங்கள். தானாக ஆறட்டும், தண்ணீர் தெளிக்க வேண்டாம்.

அச்சை உடைத்தபின் அரமும் உளியும்தான். முதுகில், பீடத்தில் உள்ள சிறு பொத்தலைச் செப்பு ஆணி அடித்துச் சரிசெய்யலாம். முகத்தில் குழி விழுந்தால் ஒட்டுப்போடாதீர்கள். உருக்கிவிட்டு மெழுகிலிருந்து தொடங்குங்கள்.