தொட்டால் மட்டும் பேசும் தோட்டம்: சிறப்புக் குழந்தைகளுக்கு மொட்டை மாடியில் உணர்வுத் தோட்டம் அமைப்பது எப்படி?

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கமெல்லாம் வீட்டு வாசலில் ஒரு சாண் மண் கிடைப்பதே அரிது. மொட்டை மாடியில் 10 அடிக்கு 10 அடி இடம் இருந்தால் போதும். ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும்), மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பிள்ளைக்கு, தொட்டும் முகர்ந்தும் கேட்டும் பழக நல்ல உணர்வுத் தோட்டம் அமைத்துவிடலாம்.

தொடங்கும் முன் ஒரு விதியை மனதில் வையுங்கள். வாசமோ சத்தமோ பிள்ளை கை வைத்தால் வர வேண்டும், கையை எடுத்தால் நின்றுவிட வேண்டும். மல்லிக்கொடி நமக்குச் சுகம். வாசனை தாங்காத பிள்ளைக்கு அது அணைக்க முடியாத ரேடியோ. ஓமவல்லி அப்படியில்லை, இலையைக் கசக்கினால்தான் மணக்கும். காற்றில் ஆடும் மணிச்சரமும் இங்கே வேண்டாம். பிற்பகல் கடற்காற்று வீசத் தொடங்கினால் அது ஓயாது.

முதல் வாரம்: செடி வாங்காதீர்கள், கவனியுங்கள்

ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். எதைத் தேடித் தொடுகிறான்? எதைத் தொட்டால் கையை உதறுகிறான்? மண்ணையோ இலையையோ வாயில் போடுகிறானா? ஏறிக் குதிக்கிறானா? லாரி ஹாரனுக்குக் காதைப் பொத்துகிறானா? இந்தக் குறிப்பை, அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் காட்டிப் பேசுங்கள். தேடும் பிள்ளைக்கும் ஒதுங்கும் பிள்ளைக்கும் ஒரே தோட்டம் பொருந்தாது.

இரண்டாவது: மாடியைச் சரிபார்ப்பது

கைப்பிடிச் சுவர் 4 அடிக்குக் குறைவாக இருந்தால் முதலில் கம்பி வலை அடியுங்கள். அதுவரை பிள்ளையை மேலே கூட்டிப்போக வேண்டாம். சுவரை ஒட்டி எந்தத் தொட்டியும் பெஞ்சும் வைக்காதீர்கள், ஏறுவதற்கு அதுவே படியாகிவிடும். குறைந்தது 3 அடி தள்ளி, உள்பக்கம் பீமோ சுவரோ கீழே ஓடும் இடமாகப் பார்த்து வையுங்கள். எது தாங்கும் என்று கொத்தனாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 12 அங்குலப் பை ஒன்று நனைந்த மண்ணோடு 15 முதல் 20 கிலோ இருக்கும். எட்டுப் பைக்கு மேல் தொடக்கத்தில் தேவையில்லை.

நடைபாதை 3 அடி அகலம் வேண்டும். சக்கர நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் காலியாக விடுங்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு 200 லிட்டர் டிரம்மை நீளவாக்கில் பாதியாக அறுத்து வைக்கும் பழக்கம் சரிவராது. அதன் ஆழமே ஓர் அடி. முழங்கால் நுழைய இடம் விட்டால் விளிம்பு மார்புக்கு வந்துவிடும். தரையிலிருந்து முழங்காலின் மேற்பக்கம் வரை அளந்து 5 செ.மீ. கூட்டுங்கள். மேசையின் அடிப்பக்கம் அந்த உயரத்தில் இருக்கட்டும். அதன்மேல் 15 செ.மீ. ஆழத் தட்டு வைத்தால் புதினா, கொத்தமல்லி, ஓமவல்லி மூன்றும் நன்றாக வரும். டிரம்தான் வேண்டுமென்றால் உணவுப் பொருள் வந்ததையே வாங்குங்கள். ரசாயனம் வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது.

மூன்றாவது: அமைதி மூலை

பலரும் இதைக் கடைசியில் செய்கிறார்கள். செடிக்கு முன் இதுதான் வர வேண்டும். படிக்கட்டு அறைச் சுவரை ஒட்டி 3 அடிக்கு 4 அடி இடம். பாய் ஒன்று, மூன்று பக்கம் வெளிர் நிறப் பருத்திப் புடவைத் திரை. கோலம் போட்ட துணி, மணக்கும் பொருள் எதுவும் அங்கே கூடாது. பிள்ளைக்குத் தாங்காதபோது போய் உட்கார ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றதைத் தொட்டுப் பார்க்கும் துணிவு வரும்.

நான்காவது: மண்கலவையும் தண்ணீரும்

செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க் கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பைக்கு 50 கிராம் வேப்பம் பிண்ணாக்கு. நார்க் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். அதில் உப்பு இருக்கும். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரும் உப்பாக இருந்தால் இரண்டும் சேர்ந்து இலை ஓரம் கருகும், மண்மேல் வெள்ளை படியும். மெட்ரோ தண்ணீர், மழைநீர், அரிசி கழுவிய நீர் எது கிடைத்தாலும் ஊற்றலாம்.

ஐந்தாவது: செடிகள்

தொடுவதற்கு ஓமவல்லியின் பூனைமயிர் இலை, கோழிக்கொண்டையின் வெல்வெட் பூ. முகர்வதற்குத் துளசி, மரிக்கொழுந்து. எலுமிச்சைப் புல் நன்றாக மணக்கும், ஆனால் அதன் ஓரம் கையை அறுக்கும். நீங்களே வெட்டிக் கொடுங்கள். சுவைக்கப் புதினா; அது பரவும், தனிப் பையில் வையுங்கள். பார்ப்பதற்குப் பத்துமணிப்பூ, வெயில் ஏறத்தான் விரியும் என்பதால் வெயில் கடுமையில்லாத நாட்களில் காத்திருக்கக் கற்றுத்தரும்.

தொட்டாற்சிணுங்கி எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும். ஆனால் தண்டில் முள் உண்டு, வாயில் போடவும் கூடாது. பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், இரண்டு தொட்டியாக மாற்றி மாற்றிக் கொடுங்கள். மூடிய இலை திரும்ப விரியச் சில நிமிடங்கள் பிடிக்கும், ஒரே செடியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் சோர்ந்துவிடும்.

விஷம் என்பதால் மாடியில் இருக்கவே கூடாதவை: அரளி, பொன்னரளி, ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு, குன்றிமணி, நித்தியகல்யாணி, உண்ணிச்செடி, டிஃபன்பேக்கியா. மணிபிளான்ட்டும் சேம்பும் கடித்தால் வாய் எரியும். ரசாயனப் பூச்சிமருந்து வேண்டாம்.

ஆறாவது: காலுக்கும் காதுக்கும்

1.5 அடிக்கு 2 அடி தட்டுகள் நான்கு. தென்னைநார் மிதியடி, கழுவிய ஆற்று மணல், புல், கூழாங்கல். கல் ஒவ்வொன்றும் 5 செ.மீ.க்கு மேல் இருக்கட்டும், சிறியது தொண்டையில் சிக்கும். மணலை இரவில் மூடுங்கள், பூனை விட்டுவைக்காது. சத்தத்துக்கு, காற்றில் ஆடாதபடி சணலில் கோத்துக் கட்டிய கொட்டாங்குச்சிகள் போதும். பறவை விரட்டப் பழைய சிடி கட்டும் வழக்கத்தை வலிப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் விட்டுவிடுங்கள். ஒளி மினுக்கம் சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குப் பாதி நிரப்பிய பூவாளியைக் கொடுங்கள். கனமானதைத் தூக்கி நடப்பது பலரை நிதானப்படுத்தும். வேலை முடிந்ததும் தண்ணீர் வைத்த பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுங்கள். கொசு மட்டும் காரணமில்லை, சில அங்குலத் தண்ணீரிலும் சின்னப் பிள்ளை மூழ்கலாம்.

ஏழாவது: பழக்குவது

காலை ஏழு மணிக்குள், 10 நிமிடம், ஒரே ஒரு தொட்டி. படியேறுவது, தண்ணீர் ஊற்றுவது, கை கழுவுவது, இறங்குவது என நான்கு போட்டோ ஒட்டிய அட்டை கையில் இருக்கட்டும். தொட மறுத்தால் கையைப் பிடித்து அழுத்தாதீர்கள், நீங்கள் தொடுங்கள், அவன் பார்க்கட்டும். வெயில் ஏறினால் தளமே காலைச் சுடும். 50 சதவீத நிழல்வலை கட்டினாலும் கத்திரி வெயிலில் பகலில் மேலே வேண்டாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை வந்ததும் நிழல்வலை, திரை, கொட்டாங்குச்சி எல்லாவற்றையும் இறக்க வேண்டும். சொல்லாமல் இறக்கினால் காலியான மாடியைப் பார்த்துப் பிள்ளை கலங்கிவிடும். இறக்கும் வேலையை அவன் கண்முன்னேயே செய்யுங்கள், முடிந்தால் ஒரு சாமானை அவனிடமே கொடுங்கள். அவனுக்குப் பிடித்த ஓமவல்லித் தொட்டியை மட்டும் வீட்டு ஜன்னலோரம் கொண்டுவந்து வையுங்கள்.