நுரையீரல் நோயாளியின் ட்ரோபோனின்: வாசிப்பதில் நடக்கும் தவறுகள்

ஐ.சி.யு.வுக்குப் புதிதாக வரும் இளம் மருத்துவர்கள், அந்த வயதில் நாங்கள் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். கடும் நிமோனியா, முற்றிய சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்), ஏ.ஆர்.டி.எஸ். (நுரையீரல் திடீரென மோசமாகச் செயலிழப்பது) என்று யார் வந்தாலும், இதயத்தசைக் காயத்தைக் காட்டும் ட்ரோபோனினும் இதயத்தின் சுமையைக் காட்டும் என்.டி.-ப்ரோ பி.என்.பி.யும் ரத்தத்தில் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ரத்த மாதிரிக் குழாய் மாறுவது, அலகு கவனிக்காதது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை திட்டு வாங்கினால் அவை சரியாகிவிடும்.

ட்ரோபோனின் ஏறினாலே மாரடைப்பு என்று எழுதுவது

இதயத்தசை காயப்பட்டதை ட்ரோபோனின் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஆக்சிஜன் குறைவு, ஓயாத வேகத் துடிப்பு, செப்சிஸ் (தொற்று உடல் முழுக்கப் பாதிப்பது), நுரையீரல் தமனி அழுத்தத்தில் வலது கீழறை திணறுவது என எல்லாமே அதை ஏற்றும். 2018-இல் வந்த மாரடைப்பின் நான்காவது உலகளாவிய வரையறைப்படி, அளவு ஏறவோ இறங்கவோ செய்வதோடு நெஞ்சுவலி, ஈ.சி.ஜி. மாற்றம் போன்ற ரத்த ஓட்டக் குறைவின் சான்றும் வேண்டும். அதைப் பார்க்காமல் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், ஹெப்பரின் என்று ரத்தம் உறைவதைத் தடுக்கும் மூன்றையும் தொடங்கிவிட்டு, மறுநாள் ரத்த வாந்தி என்று ஓடிவருவார்கள். அதற்காக ஈ.சி.ஜி.கூட எடுக்காமல் எல்லாம் நிமோனியாவால்தான் என்று தள்ளிவிடவும் கூடாது. நிமோனியாவோடு நிஜமான மாரடைப்பும் வரும்.

ட்ரோபோனின் டி-யையும் ட்ரோபோனின் ஐ-யையும் ஒப்பிடுவது

இரண்டும் வேறு புரதங்கள். ஒன்றின் எண்ணை மற்றதன் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

எண்ணைத் தீர்ப்பாகச் சொல்வது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அறுபதைத் தாண்டிய ஒருவர், இரு பக்கமும் நிமோனியா, முகமூடி வழியே அழுத்தத்தோடு ஆக்சிஜன். என்.டி.-ப்ரோ பி.என்.பி. ஒன்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. பணியில் இருந்தவர் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடியே மகனிடம், “ஹார்ட் ரொம்ப வீக்கா இருக்கு, நம்பிக்கை வச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டார். நான் போனபோது அந்தப் பையன் உறவினர்களுக்குப் போன் போட்டு வரச்சொல்லிக்கொண்டிருந்தான். அதே தாளில், நான்கு வரி கீழே, கிரியேட்டினின் 3.8. நாள்பட்ட சிறுநீரக நோயாளி அவர். சிறுநீரகம் பழுதானால் என்.டி.-ப்ரோ பி.என்.பி. ரத்தத்தில் தேங்கும், முதுமையும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத்துடிப்பும் அதை ஏற்றும், உடல் பருமன் குறைத்துக் காட்டும். எக்கோ (இதய ஸ்கேன்) செய்து பார்த்தால் இடது கீழறை நன்றாகவே சுருங்கியது.

சிறுநீரகம் சரியாக இருந்திருந்தாலும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 100 பேரில் 20 பேர் இறக்கிறார்கள். அந்த 20-இல் 15 பேருக்கும், பிழைக்கிற 80-இல் 24 பேருக்கும் அளவு உயர்ந்திருக்கிறது. ஆக, உயர்ந்த 39 பேரில் 24 பேர் பிழைக்கிறார்கள். குறைவாக இருந்த 61 பேரில் இறப்பது 5 பேர். குழுக்களுக்கு இடையே பெரிய வித்தியாசம், ஆய்வுக் கட்டுரைக்கு அது போதும். எதிரே படுத்திருப்பவர் அந்த 15-இல் ஒருவரா, 24-இல் ஒருவரா என்பது அதில் இல்லை.

இன்னொன்று, சொன்ன வார்த்தை சொன்ன இடத்தில் நிற்காது. ‘தேறமாட்டார்’ என்பது ஷிஃப்ட் மாறும்போது கைமாறும். அப்புறம் சளி உறிஞ்சுவது தள்ளிப்போகும், பிசியோதெரபி நின்றுபோகும், ஆன்டிபயாடிக்கை மாற்றலாமா என்று யோசிக்க ஆளிருக்காது. அவர் இறந்தால் அளவு சரியாகத்தான் சொன்னது என்பார்கள். அந்த இறப்பில் நோயின் பங்கு எவ்வளவு, நம் கை தளர்ந்ததன் பங்கு எவ்வளவு என்று யார் பிரிப்பது?

அளவு உயர்ந்தால் இன்னும் கிட்டப் போய்க் கவனியுங்கள். எக்கோவில் வலது கீழறை வீங்கியிருக்கிறதா? வென்டிலேட்டரில் பீப் (மூச்சை வெளிவிட்ட பின்னும் நுரையீரலில் நிறுத்திவைக்கும் அழுத்தம்) அதிகமோ? திரவம் கூடிவிட்டதா? நிமோனியாவின் தீவிரத்தை அளக்கும் கர்ப்-65, உறுப்புகளின் பாதிப்பை அளக்கும் சோஃபா மதிப்பெண்களோடு சேர்த்தே வாசியுங்கள்.

ஒரே ரத்த மாதிரியோடு நிறுத்துவது

ட்ரோபோனின் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஒரே எண்ணில் தெரியாது. சில மணி நேரம் கழித்து மறுபடி அனுப்புங்கள்.

குறைந்த அளவைக் கண்டுகொள்ளாமல் விடுவது

மூச்சுத்திணறலோடு வருபவருக்கு என்.டி.-ப்ரோ பி.என்.பி. மில்லிலிட்டருக்கு 300 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால், திடீர் இதயச் செயலிழப்புக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அப்போதும் இதயச் செயலிழப்பு என்று நினைத்து, நீரை வெளியேற்றும் ஃப்யூரோசமைடை ஏற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறேன்.

நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பிலும் அசட்டையாக இருப்பது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிலர் ட்ரோபோனினையே ஒதுக்கிவிடுகிறார்கள். ரத்தக்குழாய் அடைப்பில் அப்படி ஒதுக்க முடியாது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019 வழிகாட்டியின்படி, ரத்த அழுத்தம் சீராக இருந்தாலும், வலது கீழறை தளர்ந்து ட்ரோபோனினும் உயர்ந்திருந்தால் அவர் இடைநிலை-உயர் ஆபத்துப் பிரிவு. அவரை வார்டுக்கு அனுப்பாமல் மானிட்டரில் வையுங்கள். ரத்த அழுத்தம் சரிந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை உடனே ஏற்றும்படி எல்லாம் தயாராக இருக்கட்டும்.