ரெண்டு வயதுக் கையோடு வீட்டு விழா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி முடிந்தால் வரிசையாக வந்துவிடும். கிருஷ்ண ஜெயந்தி, பிள்ளையார் சதுர்த்தி, கொலு, தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல். நடுவில் எங்கேயாவது பிள்ளையின் பிறந்தநாள். இந்த முறை கடை அலங்காரம் வேண்டாம், பிள்ளையோடு உட்கார்ந்து கையாலேயே செய்வோம் என்று வடசென்னையில் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் பல வீடுகள் இறங்குகின்றன. மனசுக்கு நிறைவான வேலை. ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்களும் ஒன்று விடாமல் செய்வதைப் பார்க்கும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சாயம் சிந்தும், கத்தரிக்கோலை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம். கீழே உள்ளவை ஒன்றிலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானவை.

பிள்ளை பார்த்தே இராத தீம்

யூனிகார்ன், பனி மாளிகை எல்லாம் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு வெறும் நிறம்தான். அதற்குத் தெரிந்தது எண்ணூர் நெடுஞ்சாலையில் ஊர்ந்து போகும் கன்டெய்னர் லாரி, காசிமேட்டுப் படகு, கூடையில் மீன், ரயில். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. இந்த ஊர்ப் பிள்ளைக்கு ரயிலைவிடப் பொருத்தமான தீம் தேட வேண்டியதில்லை. காட்டியதும் கையை நீட்டி ‘கூ’ என்கிற பொருளைத் தீமாக வையுங்கள்.

லாரி செய்வது சுலபம். ஷூ டப்பா கன்டெய்னர், சோப்பு டப்பா முன்பக்கம். சக்கரத்துக்குத் தண்ணீர் பாட்டில் மூடியைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். அதை எடுக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்கும் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கக்கூடியது என்பது கணக்கு. பாட்டில் மூடி ஏறக்குறைய 3 சென்டிமீட்டர், அதற்குள் அடங்கிவிடும். வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்கப் பத்து ரூபாய் நாணயம் போதும். அது 27 மில்லிமீட்டர், அதைவிடக் கொஞ்சம் பெரிய பொருள்கூட வேண்டாம். கூரியர் அட்டையில் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டு வெட்டினால் 7 சென்டிமீட்டர் சக்கரம் கிடைக்கும்.

ஒரே உட்காரலில் முடிப்பது

இரண்டு வயதுக் கை ஒரு வேலையில் நிற்பது ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. லாரியை ஒரே நாளில் முடிக்க உட்கார்ந்தால், பதினோராவது நிமிடத்திலிருந்து அம்மா செய்ய, பிள்ளை அழும். இன்று சாயம், நாளை ஒட்டுவது, மறுநாள் கயிறு கட்டி இழுப்பது என்று பிரித்துவிடுங்கள். ஒரு தடவைக்கு ஓர் அசைவு போதும். ஒன்றரை வயது வரை கிழிக்கும், தேய்க்கும், டப்பாவுக்குள் போடும். அதற்கு மேல் அச்சு குத்தும். இரண்டு தாண்டினால் நாம் பசை தடவிய இடத்தில் காகிதத்தை வைத்து அழுத்தும். மூன்றை நெருங்கும்போதுதான் மழுங்கிய கத்தரிக்கோலால் ஒரு வெட்டு. காலைப் பலகாரம் முடிந்த நேரம் நல்லது, தூக்கம் வரும் நேரம் வேண்டவே வேண்டாம்.

அச்சுக்கு வெண்டைக்காய்க்கு ஈடு இல்லை. காம்போடு இரண்டு அங்குலம் விட்டுக் குறுக்கே வெட்டினால் காம்பே கைப்பிடி, வெட்டிய முகம் பூ. சாயத்தை அப்படியே தட்டில் ஊற்றாமல், மடித்த பருத்தித் துணியில் ஊற்றி அதில் ஒற்ற விடுங்கள். பதம் பஜ்ஜி மாவு போல இருக்க வேண்டும். தோசை மாவு போல நீர்த்தால் பூ வழிந்து வெறும் கறையாகிவிடும். பாட்டிலில் போஸ்டர் கலர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். துணிச் சாயமும் அதே மாதிரி பாட்டிலில்தான் வரும், அது காய்ந்தால் சட்டையை விட்டுப் போகாது.

பைண்டிங் கடைப் பசை

மைதாப் பசை நல்லதுதான், வாயில் வைத்தாலும் பயமில்லை. ஆனால் தெரிந்த பைண்டிங் கடையில் கொஞ்சம் வாங்கி வருவதும், தாத்தா சொன்ன முறையில் காய்ச்சுவதும் பெரிய தவறு. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். நீலச் சாயல் தெரியும் பசை எதுவானாலும் பிள்ளை பக்கம் வரக்கூடாது.

வீட்டில் காய்ச்ச: கால் கப் மைதாவைக் கால் கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒரு கப் தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வெண்மை போய்க் கண்ணாடி போல ஆகும். அதற்கு முன் இறக்கினால் ஒட்டாது. நம் ஊர் வெயிலுக்கு வெளியே வைத்தால் ஒரே நாளில் புளித்துவிடும், ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வரும். கலர் பேப்பர் ஒட்டுவதற்கு மட்டும் என்றால் காய்ச்சவே வேண்டாம், குழைந்த சோற்றுப் பருக்கை நாலு போதும்.

பட்டன் செல் விளக்கு

மற்ற பல தவறுகளில் பணம் போகும், நேரம் போகும். இதில் பிள்ளையே போய்விடலாம். ஒவ்வொரு கார்த்திகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் இது திரும்பத் திரும்ப வருவதால் இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

வாங்குகிறவர்கள் நல்லதை நினைத்துத்தான் வாங்குகிறார்கள். பிள்ளை இருக்கிற வீடு, நெருப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம் என்று பூக்கடை, பாரிமுனைச் சந்துகளில் ஒரு டஜன் பிளாஸ்டிக் அகல் வாங்கி வருவார்கள். பிள்ளை சாயம் பூசிய மண் அகலுக்குள் அதை வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த விளக்கை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். அடியில் கடுகளவு சுவிட்ச், பக்கத்தில் வட்ட மூடி. மலிவான விளக்குகள் பலவற்றில் அந்த மூடிக்கு ஸ்க்ரூ இருக்காது, பிளாஸ்டிக் நாக்கு ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருக்கும். நகத்தால் தள்ளினால் திறக்கும். மேஜையிலிருந்து மொசைக் தரையில் விழுந்தால் தானே திறந்து, உள்ளே இருக்கும் பட்டன் செல், அதாவது வெள்ளிக்காசு போன்ற சின்ன வட்ட பேட்டரி, உருண்டு கட்டிலுக்கடியில் போய்விடும். பெரியவர்கள் விளக்கை மட்டும் எடுத்து வைத்துவிடுவார்கள், உள்ளே செல் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. தவழும் பிள்ளையின் கண்ணுக்கு அது தப்பாது.

செல்லின் மேல் சிஆர்2032 என்று எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்று அர்த்தம். ஒரு ரூபாய்க் காசு அளவு, 3 வோல்ட். விழுங்கிய காசு பெரும்பாலும் வயிற்றுக்கு இறங்கி மலத்தோடு வந்துவிடும். இந்த அளவு செல் சின்னப் பிள்ளையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். ஈரமான குழாய்ச் சுவர் இரண்டு முனைகளையும் தொட்டதும் மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. செல்லின் எதிர்மின் முனைப் பக்கம் கடும் காரம் உண்டாகி, சதையைக் கரைத்துக்கொண்டே போகும். இரண்டு மணி நேரம் போதும், புண் ஆழமாகிவிடும். செல்லை எடுத்த பிறகும் நாள்கணக்கில் உள்ளே அரித்து மூச்சுக்குழாயில் ஓட்டை விழலாம், பெரிய ரத்தக்குழாய் கிழியலாம். விளக்கு மங்கிவிட்டது என்று கழற்றிப்போட்ட பழைய செல்லிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். ‘தீர்ந்துபோன செல்தானே’ என்பதை நம்பாதீர்கள்.

எச்சில் வழியும், சாப்பாட்டைத் தள்ளும், இருமும், வாந்தி எடுக்கும். சில பிள்ளைகளிடம் ஒன்றுமே தெரியாது. சளி என்று நினைத்துச் சிரப் கொடுத்துத் தூங்கவைத்தால் அந்த ராத்திரிதான் கை நழுவிப் போகிறது. விளக்கு திறந்து கிடக்கிறது, செல் காணோம் என்றாலே விழுங்கியதாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது ஸ்டான்லி அரசு மருத்துவமனை, எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை என்று எது பக்கமோ அங்கே அவசரப் பிரிவுக்கு. ‘பட்டன் செல்’ என்ற வார்த்தையை முதலில் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் அது காசு போலத் தெரியும், ஓரத்தில் இரட்டை வளையம் இருந்தால் செல். அதே மாதிரி இன்னொரு விளக்கையும் கையோடு எடுத்துப் போங்கள்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம், சோற்று உருண்டை கொடுத்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை, விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் போகும் வழியில் தேன் கொடுக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி, அதிகபட்சம் ஆறு தடவை. தேன் தேடிக் கடைக்குப் போய் நேரத்தைக் கழிக்காதீர்கள். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது. மூக்கில் செல்லைத் திணித்துக்கொண்டால் சொட்டு மருந்தோ எண்ணெயோ விடாமல் அப்படியே அழைத்துப் போங்கள்.

14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இந்த விளக்கு பொம்மையாக விற்கப்படுவதில்லை, அலங்காரப் பொருள் என்ற பெயரில் வருகிறது. ஆகவே பார்த்து வாங்க வேண்டியது நாம்தான். பென்சில் செல் போடுகிற, மூடியில் ஸ்க்ரூ உள்ள விளக்குச் சரம் வாங்குங்கள். பாட்டுப் பாடும் பிறந்தநாள் மெழுகுவர்த்தி, பாட்டு வரும் வாழ்த்து அட்டை, மின்னும் தொப்பி இவற்றுக்குள்ளும் இதே வகைச் சின்னச் செல்தான் இருக்கும்.

பிள்ளையாரின் கண்

கொசப்பேட்டைக் களிமண் ஒரு கிலோ வாங்கினால் பிள்ளைக்கும் உங்களுக்கும் தாராளம். உங்களுக்குப் பிள்ளையார், பிள்ளைக்கு மூஞ்சூறும் மோதகமும். வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில் இரண்டு மூன்று நாள் உலரட்டும்.

கண்ணுக்குக் குன்றிமணி வைக்கும் வழக்கம்தான் ஆபத்து. சிவப்பில் கறுப்புப் பொட்டு, பிள்ளையை இழுக்க அதைவிட வேறென்ன வேண்டும்? ஓடு உடையாமல் உள்ளே போனால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்தாலோ, ஊசி குத்தித் துளையிட்டிருந்தாலோ கொடிய நஞ்சு. பெரியவர் உயிரையும் எடுக்கும். எந்த நிலையில் விழுங்கியிருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான். சுண்டு விரலால் பிள்ளையே இரண்டு குழி குத்தட்டும், அதுவே கண். கடையில் வாங்கிய பிள்ளையாராக இருந்தால் மணி இறுகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்து உயரத்தில் வையுங்கள். கரைக்கும்போது மணியை எண்ணி எடுத்துவிடுங்கள்.

எருக்கம்பூ மாலை கட்டும் வேலையில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வை மங்கிவிடும். நீங்களும் கட்டி முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

உப்பு மாவு

இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு என்று வீடியோவில் காட்டும் மாவு, வாயில் போடும் வயதுக்கு ஆகாது. எலுமிச்சை அளவு உருண்டையில் இரண்டு தேக்கரண்டி உப்பு இருக்கும், பத்துப் பன்னிரண்டு கிலோப் பிள்ளையின் உடம்பு தாங்காது. இன்னொரு கோளாறு, கடற்காற்று. உப்பு ஈரத்தை இழுக்கும். ராயபுரம், காசிமேடு பக்கம் ஐப்பசி கார்த்திகையில் செய்த பொம்மை லேசில் காயாது, காய்ந்தாலும் திரும்ப வியர்க்கும். சப்பாத்தி மாவைக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்த்துக் கொடுங்கள். விளையாடி முடித்ததும் குப்பையில் போடுங்கள், நினைவுக்கு ஒரு போட்டோ போதும்.

தண்ணீரில் ஊறும் ஜெல் பந்து

வீட்டுக்குள் வரக்கூடாது. குடலுக்குள் போய் ஊதும். வேகவைத்து ஆறிய ஜவ்வரிசி அதே வழவழப்பைத் தரும்.

ஜிகினா தூள்

மூன்று வயது வரை வேண்டாம். விரலிலிருந்து நேரே கண்ணுக்குத்தான் போகும்.

தூங்கிய பிறகு நேராக்குவது

பிள்ளை கோணலாக ஒட்டியதை, அது தூங்கிய பிறகு எடுத்து நேராக ஒட்டாதீர்கள். காலையில் தான் ஒட்டிய இடத்தில்தான் அது தேடும்.

பிறந்தநாள் சாயங்காலம்

பலூன் ஊதுவது பெரியவர் வேலை. வெடித்த துண்டை உடனே பொறுக்குங்கள். ஊதாத பலூனும் கிழிந்த துண்டும் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கடினம், எட்டு வயது வரை இந்தப் பயம் உண்டு. மேலே பறக்கும் பலூன் கேட்டு அடம்பிடித்தாலும் வாங்காதீர்கள், மலிவாகக் கிடைப்பதில் ஹைட்ரஜன் நிரப்பியிருக்கலாம். மெழுகுவர்த்தி பக்கம் போனால் தீப்பந்தாக வெடிக்கும். பனி ஸ்ப்ரேயும் அப்படியே. நுரையைத் தள்ளும் வாயு பற்றிக்கொள்ளும். கேக்கின் மேல் திரி எரியும்போது யாரோ ஓர் அண்ணன் உற்சாகத்தில் அழுத்துவார், பிள்ளையின் முகம் அங்கேதான் இருக்கும். வாங்கவே வாங்காதீர்கள்.

கடைசியாக ஆரத்தி. மஞ்சள் தண்ணீர் சிவப்பதைப் பிள்ளை ஆவலோடு எட்டிப் பார்க்கும். அதைச் சிவக்க வைப்பது சுண்ணாம்பு, கண்ணில் பட்டால் கருவிழியைச் சுட்டுவிடும். பட்டுவிட்டால் இமையை விரித்துப் பிடித்து ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவிவிட்டு, எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு ஓடுங்கள். கழுவுவதுதான் முதல் வேலை, ஆட்டோ தேடுவது அதற்குப் பிறகு. பிள்ளையையும் கலக்கவிட ஆசையா? அரை பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, அந்தச் சாற்றை ஒரு டம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கரண்டியை அதன் கையில் கொடுங்கள். சட்டை கறையாகும், பழைய சட்டையாகப் போட்டுவிடுங்கள்.