சிம்கோ ஏரியில் பனித்துளை மீன்பிடிப்பு: முதல் நாளுக்கான செய்முறை

டொரோண்டோவிலிருந்து 404 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓட்டினால் கெஸ்விக். அங்கிருந்து விரிகிறது 722 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிம்கோ ஏரி. முதல்முறை போகிறவர்கள் எந்தத் தூண்டில் வாங்குவது என்றுதான் கேட்பார்கள். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஏரியின் அடித்தரையை. எங்கே ஆழம், எங்கே ஆழம் குறைவு என்று தெரிந்துவிட்டால் எங்கே பனி முதலில் இறுகும், எந்த மீன் எங்கே நிற்கும் என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

1. இடம் தேர்ந்தெடுப்பது

ஏரியின் மேற்கே பாரி நகரை ஒட்டி கெம்பென்ஃபெல்ட் விரிகுடா. ஏரியிலேயே ஆழமான இடம் அதுதான், சுமார் 41 மீட்டர். தெற்கே குக்ஸ் விரிகுடா. அங்கே மிக ஆழமான இடமே 15 மீட்டர்தான்.

தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் அதிக கனம். மேல்தண்ணீர் குளிர்ந்து அந்த அளவுக்கு வந்ததும் கீழே இறங்கும், அடியிலிருந்து வேறு தண்ணீர் மேலே வரும். இந்தச் சுழற்சி முடிந்த பிறகே மேற்பரப்பு உறையத் தொடங்கும். ஆழம் குறைந்த குக்ஸ் விரிகுடாவில் அது சீக்கிரம் முடிந்துவிடுகிறது. கெம்பென்ஃபெல்ட் பெரும்பாலும் பல வாரம் பிந்தியே உறையும். ஒரே ஏரிதானே என்று ஒரு கரையின் பனியைப் பார்த்து மறுகரையில் கால் வைக்கக்கூடாது.

ஆகவே முதல் நாளுக்குக் குக்ஸ் விரிகுடா. பிடிக்க வேண்டிய மீன், மஞ்சள் பேர்ச். லேக் ட்ரௌட்டும் வைட்ஃபிஷ்ஷும் ஆழத்து மீன்கள், அவற்றை அடுத்த பருவத்துக்கு விட்டுவிடுங்கள்.

ஓடும் தண்ணீருக்கு மேலே பனி எப்போதும் மெல்லியது. குக்ஸ் விரிகுடாவின் தென்கோடியில் ஹாலண்ட் ஆறு வந்து கலக்கும் இடத்தையும், வடக்கே ஏரி குச்சிச்சிங் ஏரிக்குள் வடியும் ஆதர்லி இடுக்கையும் தவிர்த்துவிடுங்கள். அந்த இடுக்கில்தான் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே பழங்குடி மக்கள் மரக்கழிகளை நட்டு மீன் அடைப்பு கட்டினார்கள். மீன்கள் அந்த ஒடுங்கிய வழியாகத்தான் ஏரி மாறிப் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று அது தேசிய வரலாற்றுத் தலம்.

2. உரிமம்

18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு ஒன்டாரியோ மாகாணத்தின் அவுட்டோர்ஸ் கார்டு என்ற அட்டையும் மீன்பிடி உரிமமும் வேண்டும். உரிமத்தில் இரண்டு வகை. ஸ்போர்ட் உரிமத்துக்கு ஒரு நாளைக்கு 50 பேர்ச், கன்சர்வேஷன் உரிமத்துக்கு 25. புதியவருக்கு இரண்டாவதே தாராளம். விதிகள் மாறக்கூடும், ஆண்டுதோறும் வரும் விதிநூலில் சிம்கோ ஏரி அடங்கும் 16ஆம் மீன்பிடி மண்டலத்தைப் பாருங்கள். பிப்ரவரியில் ஃபேமிலி டே விடுமுறை வாரயிறுதியில் கனடாவில் வசிப்பவர்கள் உரிமம் வாங்காமலே பிடிக்கலாம், அடையாள அட்டை கையில் இருந்தால் போதும்.

3. எடுத்துச் செல்ல வேண்டியவை

- 6 அங்குலக் கை ஆகர், அதாவது பனியில் துளையிடும் திருகு. பேர்ச்சுக்கு 8 அங்குலத் துளை தேவையில்லை, கைதான் ஓயும்.
- 24 முதல் 28 அங்குலக் குட்டித் தூண்டில் கோல், 4 பவுண்டு தங்கூசி (தூண்டில் நைலான் நூல்), 8ஆம் எண் தூண்டில் முள், சிறிய ஜிக்குகள் (ஈயத்தலை வைத்த முட்கள்), ஈயக்குண்டு.
- நீண்ட இரும்புக் கடப்பாரை. துளையில் சேரும் பனிச்சேற்றை அள்ள, வடை அரித்தெடுக்கும் கரண்டி போன்ற ஒன்று.
- கழுத்தில் மாட்டும் ஐஸ் பிக் (விழுந்தால் பனியில் குத்தி ஏறும் கூர்முனைக் கைப்பிடி) ஒரு சோடி, விசில், 15 மீட்டர் கயிறு.
- கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை. பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும்.

இரைக்குச் சின்ன மீன்களை ஏரிக்கரைக் கடையிலேயே வாங்கி ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். வேறு மண்டலத்து இரைமீனைக் கொண்டுவருவது குற்றம், நோய் பரவும் வழியும் அதுதான்.

4. பனியைச் சோதிப்பது

இந்தப் படியை யார் சொன்னாலும் தாண்டாதீர்கள். ஒருவர் நடக்கத் தெளிந்த நீலப் பனி 15 சென்டிமீட்டர் வேண்டும். கூட்டமாக நிற்க 20, ஸ்னோமொபைல் என்ற பனிவண்டிக்கு 25. வெள்ளையாகக் கலங்கிய பனிக்குப் பலம் பாதிதான், அது இருமடங்கு தடிப்பாக இருக்க வேண்டும்.

கடப்பாரையால் ஓங்கி இரண்டு குத்து. தண்ணீர் மேலே வந்தால் திரும்பிவிடுங்கள். வராவிட்டால் சில அடி நடந்து மறுபடி குத்துங்கள். பதினைந்து இருபது அடிக்கு ஒரு துளை போட்டு, டேப்பின் கொக்கியை அடி விளிம்பில் மாட்டி அளந்துகொண்டே முன்னேறுங்கள். மேலே பனித்தூள் மூடிய இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். தூள் கம்பளி போல் மூடி, கீழே பனி தடிக்காமல் தடுத்துவிடும்.

சிம்கோவுக்கே உரிய ஆபத்து, நெடுக ஓடும் அழுத்த வெடிப்புகள். காலையில் தாண்டும் அளவில் இருந்த வெடிப்பு, காற்று திரும்பினால் மாலையில் திறந்த தண்ணீராகிவிடும். வெடிப்பு எவ்வளவு ஒடுங்கி இருந்தாலும் அதைத் தாண்டி அந்தப் பக்கம் போகாதீர்கள்.

விழுந்துவிட்டால்: முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும், அதை அடக்குவது ஒன்றே வேலை. அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். வந்த திசைக்கே திரும்புங்கள், உங்களைத் தாங்கிய பனி அங்கேதான் இருக்கிறது. பிக்கைக் குத்தி, காலை உதைத்து, வயிற்றால் ஊர்ந்து ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருளுங்கள்.

5. துளையிடுவது

3 முதல் 6 மீட்டர் ஆழத்தில், முன்கூட்டியே ஆறு துளைகள், ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து அடி தள்ளி. ஆழம் குறைந்த இடத்தில் சத்தம் மீனைக் கலைக்கும், அதனால் துளைக்கும் வேலையை முதலிலேயே முடித்துவிடுங்கள். ஆகரை அழுத்தாதீர்கள், அலகு தானே இறங்கும். சுருள் சுருளாகப் பனி வராமல் மாவாக வந்தால் அலகு மழுங்கியிருக்கிறது, அல்லது அதில் ஈரம் உறைந்திருக்கிறது. அலகைக் கடப்பாரையால் தட்டினால் முனை உடைந்துவிடும். உறைந்த அலகைத் துளைத் தண்ணீரில் முக்கி எடுங்கள்.

6. தூண்டில் போடுவது

ஈயத்தை அடிவரை விடுங்கள். தங்கூசி தொய்ந்ததும் ஓர் அடி தூக்குங்கள். பேர்ச் அடித்தரையை ஒட்டியே மேயும், நடுத்தண்ணீரில் தொங்கவிட்டால் நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். இரைமீனை முதுகில் மேலோட்டமாகக் கோத்தால் உயிரோடு துள்ளும். ஜிக்கை ஒரு சாண் உயர்த்தி இறக்கி, ஐந்து விநாடி அசையாமல் பிடியுங்கள். அந்த அசையாத நேரத்தில்தான் பெரும்பாலும் கடிக்கும். கோல் நுனி இரண்டு முறை மெல்லத் துடிக்கும், மணிக்கட்டால் தூக்கினால் போதும்.

இருபது நிமிடம் கடி இல்லையென்றால் அடுத்த துளை. பேர்ச் கூட்டமாக நகரும். கோலின் வளையங்களில் பனிமணி கோத்துக்கொண்டால் கடி தெரியாது, விரலால் கிள்ளி எடுங்கள்.

ஒரு துளைக்கு ஒரு தங்கூசி என்று இரண்டு வரை போடலாம், ஆனால் இரண்டும் 60 மீட்டருக்குள் உங்கள் கண்பார்வையில் இருக்க வேண்டும்.

கூடாரத்துக்குள் அடுப்பு வைத்தால் மேலும் கீழும் காற்றுவழியைத் திறந்தே வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

7. மீனைக் கழற்றுவதும் கொண்டுபோவதும்

மஞ்சள் உடம்பில் கரும்பட்டைகள், ஆரஞ்சுத் துடுப்பு. பார்க்க அழகு, பிடிக்கச் சூதானம் வேண்டும். முதுகுத்துடுப்பில் முள், செவுள்மூடியின் விளிம்போ கத்தி. தலையிலிருந்து பின்னோக்கித் தடவி முள்ளை மடக்கிய பிறகு பிடியுங்கள். பனியிலேயே வெட்டித் துண்டாக்கினால் தோலை விட்டுவையுங்கள். என்ன மீன், எத்தனை என்று அதிகாரி பார்த்து எண்ணும்படி இருக்க வேண்டும்.

மிஞ்சிய இரையையும் வாளித் தண்ணீரையும் ஏரியிலோ, கரையிலிருந்து 30 மீட்டருக்குள்ளோ கொட்டக்கூடாது. கிளம்பும்போது துளைகளைச் சுற்றிப் பனித்தூளைக் குவித்து, ஒரு குச்சியை நட்டுவிடுங்கள். இரவில் வருகிறவர் கால் அதற்குள் போகாது. ஆகர் அலகைத் துடைத்து, எண்ணெய் தடவி, உறை போட்டு வண்டியில் ஏற்றுங்கள்.