புதுசா ஓட ஆரம்பிச்சு இடுப்பு புடிச்சுக்கிச்சா? மொதல்ல ஒரு விரல வெச்சு எடத்த காட்டுங்க

எங்க ஊரு கொழிஞ்சாம்பாறை, ஜில்லா பாலக்காடு, ஆனா வீட்லயும் கடைலயும் தமிழ்தான் ஓடும், ஆபீசுலயும் டாக்டர்ட்டயும் மட்டும் மலையாளம். சுகர் பார்டர்ல நிக்குதுன்னு ரிப்போர்ட் வந்த பயத்துல 43 வயசுல ஓட ஆரம்பிச்சேன், ஆறாவது வாரமே இடது பக்கம் இடுப்பு புடிச்சுக்கிச்சு. கிளினிக்ல போய் "இடுப்பு வலிக்குது சார்"னு சொன்னா அவரு "நடுவாணோ இடுப்பாணோ?"ன்னு திருப்பிக் கேட்டாரு, நான் பேந்த பேந்த முழிச்சேன்.

நமக்கு அரைஞாண் கயிறு கட்டுற எடமும் இடுப்பு, குடம் வெக்கிற எடமும் இடுப்பு, முதுகுக்கு கீழ வலிச்சாலும் இடுப்புதான். மலையாளத்துல முதுகோட அடிப்பக்கத்துக்கு நடு, தொடை எலும்பு வந்து சேர்ற மூட்டுப் பக்கத்துக்குத்தான் இடுப்பு. அந்த டாக்டர் சும்மா கேக்கல, எடம் மாறினா வைத்தியமே மாறிடும். அதனால யாருகிட்டயும் இடுப்பு வலின்னு மொட்டையா சொல்லாம, ஒரே ஒரு விரல வெச்சு எங்கன்னு காட்டுங்க.

விரல் தொடையோட வெளிப்பக்கம், பேண்ட் பாக்கெட்டுக்கு நேரா துருத்திக்கிட்டு இருக்கிற எலும்பு மேல போச்சுன்னா, பெரும்பாலும் பிட்டத்துல இருந்து வந்து அந்த எலும்புல ஒட்டுற தசைநார் வலி. புதுசா ஓடுறவங்கள்ல நான் அதிகமா பாக்குறது இதத்தான், எனக்கும் இதான். செவுத்துல ஒரு விரல மட்டும் வெச்சுக்கிட்டு வலிக்கிற கால்ல 30 செகண்ட் நில்லுங்க, அதுக்குள்ள அதே எடத்துல வலி கெளம்புச்சுன்னா சந்தேகம் பாதி தீந்துச்சு. விரல் பின்னாடி பிட்டத்துக்குள்ள போகுது, அங்கிருந்து கால் வழியா சுருக்குன்னு கீழ எறங்குது, மரத்துப் போகுதுன்னா அது முதுகெலும்புல இருந்து வர்ற நரம்பு சமாச்சாரமா இருக்கலாம், அதுக்கு நான் கீழ சொல்றதெல்லாம் செட் ஆகாது.

விரல் முன்னாடி தொடை இடுக்குக்குப் போச்சுன்னா கொஞ்சம் உக்காந்து யோசிக்கணும். சும்மா தொடைய தூக்குற தசை புடிச்சிருக்கலாம், படி ஏறுறப்போ, வண்டில கால தூக்கிப் போடுறப்போ மட்டும் இழுக்கும், அது சரியாயிடும். ஆனா தொடை எலும்போட கழுத்துப் பகுதில மயிரிழை மாதிரி விரிசல் விழுந்தாலும் வலி இங்கதான் வரும். ஓட ஓட கூடும், நிறுத்தினா கொறையும், நாளாக ஆக நடந்தாலே வலிக்கும், அப்புறம் ராத்திரி படுத்தா கூட வலிக்கும். இத ஓடி ஓடி சரி பண்ணிக்கலாம்னு விட்டா விரிசல் முழுசா ஒடஞ்சு ஆபரேஷன்ல போய் நிக்கும். ஆரம்பத்துல எக்ஸ்ரேல பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது, எம்ஆர்ஐல தான் தெரியும், அதனால எக்ஸ்ரே நார்மல்னு சொன்னாங்கன்னு மறுநாளே ஷூவ மாட்டிக்காதீங்க. ஒத்தக் கால்ல குதிச்சுப் பாரு, வலிச்சா விரிசல்னு சில பேர் சொல்லிக் குடுப்பாங்க, அத டாக்டர் பாக்கட்டும், நீங்க வீட்ல குதிச்சு இருக்கிற விரிசல பெருசாக்க வேணாம். எடை கொறைக்கிறேன்னு அரை வயிறு சாப்பிட்டு ஓடுறவங்க, பீரியட்ஸ் தள்ளிப் போற இல்ல நின்னே போன பொண்ணுங்க, இவங்களுக்கு எலும்பு பலம் கொறஞ்சிருக்கலாம், தொடை இடுக்குல வலின்னா டாக்டர்ட்ட போறத ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க. காய்ச்சலோட வலி, கீழ விழுந்ததுக்கு அப்புறம் வந்த வலி, நொண்டாம நடக்கவே முடியல, இதுக்கும் அதே பதில்தான்.

சரி, வெளிப்பக்க வலிக்கு வருவோம், ஏன் வருதுன்னா நமக்கு மூச்சு சீக்கிரம் பழகிடுதுங்க. மூணு நாலு வாரத்துல எளைப்பு கொறஞ்சதும் நம்மளே பெரிய ஆளுன்னு நெனச்சு 2 கிலோமீட்டர 5 ஆக்குறோம், டிசம்பர்ல கோவை மாரத்தான்ல 10 கிலோமீட்டருக்கு பேர் குடுத்துட்டேன்னு ஸ்டேட்டஸ் வேற. ஆனா தசைநாரும் எலும்பும் பழக மாசக்கணக்கு ஆகும். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் மொத்த ஒடம்பும் ஒத்தக் கால் மேலதான் நிக்குது, அந்த நேரம் இடுப்பு மறு பக்கம் சாயாம புடிச்சுக்கிறது பிட்டத்தோட பக்கவாட்டு தசைதான், நாள் பூரா கல்லாப்பெட்டி முன்னாடி உக்காந்திருந்த எனக்கு அது பேருக்குத்தான் இருந்துச்சு.

எல்லாரும் எக்ஸர்சைஸ் கேக்குறாங்க, நான் மொதல்ல கேக்குறது மிச்ச 23 மணி நேரம் எப்படி இருக்கீங்கன்னு. அந்த தசைநாருக்கு ஆகாத விஷயம், தொடை உள்பக்கமா சாஞ்சு நார் எலும்பு மேல இழுபட்டு நசுங்குறது. கால் மேல கால் போட்டு உக்கார்றது, பஸ் ஸ்டாப்புல ஒரு கால்ல வெயிட்ட போட்டு இடுப்ப ஒடிச்சு நிக்கிறது, வலிக்கிற பக்கம் பாய்ல ஒருக்களிச்சு படுக்கிறது, எல்லாமே அதத்தான் பண்ணுது. எங்க வீட்டம்மாவும் என்னைப் பாத்து நடக்க ஆரம்பிச்சு அவங்களுக்கும் வலி வந்துச்சு, நான் ஷூவ குத்தம் சொல்லிட்டு இருந்தேன், கடைசில பாத்தா பேத்திய எந்நேரமும் ஒரே பக்கம் இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு அந்த இடுப்ப தள்ளிக்கிட்டே நிக்கிறாங்க. கொழந்தைய முன்னாடி ரெண்டு கையாலயும் தூக்குங்க, தண்ணிக் குடத்த ரெண்டு சின்ன பக்கெட்டா ஆக்குங்க, படுக்கும்போது வலி இல்லாத பக்கம் படுத்து ரெண்டு முட்டிக்கும் நடுவுல தலைகாணி வெச்சுக்கோங்க. இன்னொண்ணு, இந்த வலிக்கு கால குறுக்க இழுத்து ஸ்ட்ரெச் பண்ணா அந்த நேரத்துக்கு சொகமா இருக்கும், ஆனா அதே நாரத்தான் போட்டு நசுக்குறீங்க, அத விட்டுடுங்க.

இந்த நிக்கிறது உக்கார்றது சொல்லிக் குடுத்து கூட எக்ஸர்சைஸும் குடுத்தா ஊசிய விட நல்லா கேக்குதான்னு ஆஸ்திரேலியால 204 பேர வெச்சு பாத்திருக்காங்க, 2018ல பிஎம்ஜேங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. அதுல 8 வாரத்துல ஸ்டீராய்டு ஊசி போட்டவங்கள விட இவங்கதான் முன்னாடி இருந்தாங்க. அவங்கள்ல எல்லாருமே ஓடுறவங்கன்னு இல்ல, ஆனா வலி அதே வலிதான்.

எக்ஸர்சைஸுக்கு ஜிம் தேவையில்ல. மொத ரெண்டு வாரம், மல்லாக்க படுத்து முட்டிய மடக்கி, முட்டிக்கு கொஞ்சம் மேல துண்ட இறுக்கி கட்டிக்கிட்டு ரெண்டு தொடையயும் வெளிப்பக்கமா மெதுவா தள்ளுங்க, துண்டு விடக்கூடாது, 30 செகண்ட் புடிச்சு விடுங்க, அஞ்சு தடவ. அப்படியே பிட்டத்த தூக்குற ப்ரிட்ஜ், 10 தடவ மூணு செட். மூணாவது வாரம் வாசப்படில ஏறி எறங்குங்க, வலிக்கிற கால் படி மேலயே இருக்கட்டும், மெதுவா எறங்குறப்போ முட்டி உள்ள சாயக்கூடாது, கண்ணாடி முன்னாடி பண்ணா நம்ம கோணல் நமக்கே தெரியும் (எனக்கு சிரிப்பே வந்துடுச்சு). அப்புறம் ரப்பர் பேண்ட் போட்டு பக்கவாட்டுல நடக்கிறது. வாரத்துக்கு மூணு நாள் போதும், ஆனா 8ல இருந்து 12 வாரம் விடாம பண்ணணும், நெறைய பேர் வலி போன மூணாவது வாரமே விட்டுட்டு ரெண்டு மாசத்துல திரும்ப வந்து நிக்கிறாங்க. பண்றப்போ 10க்கு 3 வரைக்கும் வலி இருந்தா பரவால்ல, மறுநாள் காலைல பழைய நெலமைக்கு வந்திருக்கணும், வரலன்னா நேத்து பண்ணது ஜாஸ்தி.

ஓட்டத்த அடியோட நிறுத்தணுமான்னா, வெளிப்பக்க வலிக்கு பெரும்பாலும் வேணாம், கொறைக்கணும். 30 நிமிஷம் வலியில்லாம நடக்க முடிஞ்சா 1 நிமிஷம் ஓட்டம் 2 நிமிஷம் நடை, எட்டு தடவ, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ரெண்டு மூணு தடவ ஒழுங்கா போனா ஓடுற நேரத்த கொஞ்சம் கூட்டுங்க, தூரத்தயும் வேகத்தயும் சேத்து கூட்டாதீங்க. அடிய எட்டி வெக்காம சின்ன சின்னதா வெய்ங்க. வலது கால் 30 செகண்டுல எத்தன தடவ தரைய தொடுதுன்னு எண்ணுங்க, 40 வந்துச்சுன்னா நிமிஷத்துக்கு 160 அடி, அத 42 ஆக்கிப் பாருங்க, அவ்ளோதான், 5 சதவீதம். அதுக்கே இடுப்புலயும் முட்டிலயும் விழுற பாரம் கொறையும்.

அப்புறம் நம்ம ரோடு. கோபாலபுரம் ரோட்டுல விடியக்காலைல சித்தூர் பக்கத்துல இருந்து கள்ளு வண்டிங்க பறக்கும், அதனால எதிர்ல வர்ற வண்டி கண்ணுக்குத் தெரியட்டும்னு வலது ஓரமா ஓடுவோம், ஓடணும் தான், ஆனா தார் ரோடு ஓரத்துல சரிஞ்சுதான் இருக்கும். வலது கால் பள்ளத்துல, இடது கால் மேட்டுல, மேட்டுக் கால் இடுப்புதான் தினமும் கூட இழுபடுது. என்னோட இடது பக்க வலிக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நெனைக்கிறேன். இப்போ ஆழியார் தண்ணி வர்ற வாய்க்கால் மேட்டு மண் ரோட்டுல ஓடுறேன், இல்லாட்டி ஸ்கூல் கிரவுண்டுல பாதி ரவுண்டு இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம். ஆடி மாசம் கணவாய் காத்து பனமரத்தையே ஆட்டி எடுக்கும், எதிர் காத்துல பழைய வேகத்த புடிக்கிறேன்னு மல்லுக்கட்டாதீங்க, அன்னிக்கு கடிகாரத்த வீட்லயே வெச்சுட்டு வாங்க.

எண்ணெயப் பத்தி கேக்காம எங்கூர்ல யாரும் விட மாட்டாங்க. முறிவெண்ணெய், தன்வந்தரம் எது வேணா தடவுங்க, சூடா ஒத்தடம் குடுங்க, சொகமா இருக்கும், ஆனா எண்ணெய் தசைக்கு பலம் குடுக்காது, அந்த துருத்தின எலும்பு மேலயே கட்டை விரல வெச்சு அமுக்கி உழிச்சல் பண்ண விடாதீங்க, மறுநாள் கால கீழ வெக்க முடியாது. மாத்திரை வேற கதை. ஒரு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக்ங்கிற வலி மாத்திரைய கேட்ட ஒடனே எடுத்துக் குடுத்தாங்க, நானும் ஒரு வாரம் அத போட்டுக்கிட்டு ஓடுனேன், வலி தெரியாததால ஜாஸ்தி ஓடி இன்னும் கெடுத்துக்கிட்டேன். பாலக்காடு மார்ச் ஏப்ரல்ல 40 டிகிரிய தொடும், அந்த வெயில்ல வேர்த்து ஒழுகி தண்ணி வத்தின ஒடம்புல இந்த மாத்திரை கிட்னிக்கும் ஆகாது. டாக்டர் எழுதிக் குடுத்தா சாப்பிடுங்க, ஓடுறதுக்காக சாப்பிடாதீங்க.

ஷூவப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க, காலுக்கு சொகமா இருந்தா போதும், 500ல இருந்து 800 கிலோமீட்டர் ஓடினப்புறம் மாத்திக்கோங்க.

ஆறு வாரம் இதெல்லாம் ஒழுங்கா பண்ணியும் கொறையலன்னா பிசியோகிட்ட போங்க, போறப்போ தேஞ்ச பழைய ஷூவயும், எந்த வாரம் எவ்ளோ ஓடுனீங்கன்னு ஒரு துண்டு சீட்டுல எழுதியும் எடுத்துட்டுப் போங்க. நான் எழுதி எடுத்துட்டுப் போன சீட்ட பாத்துட்டு அந்தம்மா இடுப்பயே தொடல, நாலாவது வாரத்துக்கும் அஞ்சாவது வாரத்துக்கும் நடுவுல பேனாவால ஒரு கோடு போட்டு "9ல இருந்து 21 கிலோமீட்டரா?"ன்னு மட்டும் கேட்டாங்க.