பருப்புக்கீரை கோசுமல்லியின் புளிப்பு

மாடித் தொட்டிகளில் தானாக முளைத்த பருப்புக்கீரையைப் பச்சையாக நறுக்கி, ஊறிய பாசிப்பருப்பு, வெள்ளரி, தேங்காய்த்துருவலோடு கலந்தேன். வாயில் வைக்க முடியாத புளிப்பு.

பிழியும் எலுமிச்சைச் சாற்றைப் பாதியாகக் குறைத்தேன், மறுநாள் அடியோடு விட்டேன். புளிப்பு போகவில்லை. வெள்ளரி மேல் சந்தேகப்பட்டு வேறு வாங்கினேன். உப்புநீரில் ஊறவைத்ததில் கீரை துவண்டதுதான் மிச்சம். மூன்று நாள் வீண்.

நான்காம் நாள் காலையில் நேரமில்லை, மாலை நாலு மணிக்குத்தான் பறித்தேன். புளிப்பே தெரியவில்லை! காரணம் அப்புறம்தான் புரிந்தது. தண்ணீர் குறைந்தால் இந்தச் செடி இரவில் கரியமில வாயுவை இழுத்து மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாகச் சேர்த்து வைக்கும், பகல் வெயிலில் அதைச் செலவழிக்கும். என் தொட்டிகளோ காய்ந்து கிடந்தவை, நான் பறித்ததோ விடிகாலை ஆறு மணிக்கு.

இப்போது நன்றாகத் தண்ணீர் விட்டு, மாலையில் பறிக்கிறேன். எலுமிச்சை அரை மூடி, அதுவும் பரிமாறும்போது.

இன்னொன்று: பறிக்கும்போது தண்டை ஒடித்துப் பாருங்கள். பக்கத்திலேயே படரும் சித்திரப்பாலாடை என்ற களைச்செடி தூரத்தில் இதே மாதிரி இருக்கும். ஒடித்த இடத்தில் பால் வந்தால் அது கீரை இல்லை.